வளரும் கட்டடமும் காக்கும் கைகளும்: வோல்ஃப் ஹில்பெர்ட்ஸின் கடற்கட்டடக் கலை குறித்து ஒரு மதிப்பீடு

கட்டடம் என்னும் தமிழ்ச்சொல் தன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது. கல்லையும் மண்ணையும் சுண்ணாம்பையும் எங்கிருந்தோ கொண்டுவந்து, ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டி முடிக்கப்படுவது கட்டடம். கட்டி முடித்த நாளே அதன் நிறைவு நாள். மறுநாள் முதல் தேய்மானம் தொடங்குகிறது. உலகின் பெரும்பாலான கட்டடக் கலை மரபுகள் இந்த எண்ணத்தின் மீதே எழுந்தவை. ஜெர்மானியக் கட்டடக் கலைஞரான வோல்ஃப் ஹில்பெர்ட்ஸ் (1938–2007) இதனை ஏற்க மறுத்தார். கட்டடத்தைக் கட்டுவதை விட்டு, அதனை வளர்க்கக் கற்க வேண்டும் என்றார். அதை வெறும் உவமையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. கடல்நீருக்குள் கம்பி வலையை இறக்கி, அதில் மெல்லிய மின்சாரத்தைப் பாய்ச்சி, கல்லை வளர்த்துக் காட்டினார்.

ஹில்பெர்ட்ஸைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு கட்சியினராகப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு சாரார் அவரை அழிந்துவரும் பவளப்பாறைகளின் மீட்பராகப் போற்றுகின்றனர். மற்றொரு சாரார் கடலில் நகரம் வளர்க்கக் கனவு கண்ட ஒரு விசித்திர மனிதராக ஒதுக்கிவிடுகின்றனர். இரண்டு மதிப்பீடுகளும் அவருடைய பணியின் மையத்தைத் தவறவிடுவதாகவே தோன்றுகிறது. அவர் கண்டறிந்த பொருளின் வேதியியல் எளிமையானது. அது செயல்படும் என்பதில் ஐயமில்லை. வளரும் கட்டடத்தை யார் பேணுவது என்பதே அவருடைய பணி எழுப்பும் பெரிய கேள்வி. அக்கேள்விக்கு அவருடைய வரைபடங்களில் விடை இல்லை. ஆயினும், அவருடைய வாழ்நாளின் பிற்பகுதியில் ஒரு கடலோர ஊர் அதற்கு விடையளித்தது. அந்த விடையைக் கருத்திற் கொண்டே அவரை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கடல்நீரிலிருந்து கல்

1970ஆம் ஆண்டில், அமெரிக்கக் கட்டடக் கலை இதழான புரோகிரசிவ் ஆர்க்கிடெக்சரில் ஹில்பெர்ட்ஸ் தம் கொள்கையை முன்வைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘சைபர்டெக்சர்’. தன்னைச் சூழ்ந்துள்ள நிலைமைகளை உணர்ந்து, அதற்கேற்ப வளரவும் மாறவும், தேவை தீர்ந்தபின் கரைந்துபோகவும் வல்ல கட்டடம் என்பது அதன் உட்பொருள். அக்காலத்தில் கணினியும் தன்னியக்கமும் குறித்த உற்சாகம் கட்டடக் கலைஞர்கள் பலரை இத்தகைய சிந்தனைகளுக்கு இட்டுச்சென்றது. அவர்களுள் பெரும்பாலோர் தாளோடு நின்றுவிட்டனர். ஹில்பெர்ட்ஸ் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கற்பித்துக்கொண்டே, அங்கு ஓர் ஆய்வுக்கூடத்தை நடத்தி, அக்கொள்கைக்கு ஏற்ற பொருளைத் தேடினார். சிப்பியும் சங்கும் பவளமும் கடல்நீரிலிருந்தே தம் வீட்டைக் கட்டிக்கொள்கின்றன. மனிதனால் ஏன் இயலாது என்பதே அவருடைய தொடக்கக் கேள்வி.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் மக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் கரைந்துள்ளன. எஃகுக் கம்பி வலையொன்றைக் கடலில் மூழ்கவைத்து, நேர்மின்சாரத்தின் எதிர்முனையோடு இணைத்து, சற்றுத் தொலைவில் நேர்முனையை வைத்தால், வலையை ஒட்டிய நீரில் காரத்தன்மை உயர்கிறது. அந்நிலையில் கரைந்திருந்த கனிமங்கள் கரைந்தே இருக்க இயலாமல் கம்பியின் மேல் படிகின்றன. மின்னோட்டம் குறைவாக இருந்து வளர்ச்சி மெதுவாக நிகழ்ந்தால், படிவது பெரும்பாலும் அராகொனைட் எனப்படும் கால்சியம் கார்பனேட், அது கடினமானது. மின்னோட்டத்தைக் கூட்டி அவசரப்படுத்தினால் மக்னீசியம் ஹைட்ராக்சைடு மிகுதியாகப் படிகிறது. அது மென்மையானது, விரல் பட்டாலே உதிரக்கூடியது. பொறுமையோடு வளர்த்த கல்லே உறுதி பெறும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ச்சியே அதற்கு உகந்த வேகம்.

இந்தச் செயல்முறையில் இரு சிறப்புகள் உண்டு. முதலாவது, மின்சாரம் பாயும் வரை உள்ளிருக்கும் எஃகு துருப்பிடிப்பதில்லை. கடலோரத்தில் வீடு கட்டிய எவருக்கும் இதன் அருமை விளங்கும். உப்புக்காற்றில் கம்பி துருத்து, பருத்து, காறையைப் பிளப்பதே கடலோரக் கட்டடங்களின் தீராத நோய். இரண்டாவது, படிந்த கல்லின் ஒரு பகுதி உடைந்தால், வெளிப்பட்ட கம்பியின் மேல் மீண்டும் கல் படிகிறது. காயம் ஆறுவதைப் போன்ற இந்தப் பண்பு வேறெந்தக் கட்டுமானப் பொருளுக்கும் எளிதில் வாய்ப்பதன்று. தாம் வளர்த்த கல் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 3,700 முதல் 5,300 பவுண்டு வரை அழுத்தம் தாங்கியதாக ஹில்பெர்ட்ஸ் பதிவு செய்துள்ளார். சாதாரணக் காறைக்கு அது இணையானது. 1979இல் மின்பொறியாளர்களின் கடற்பொறியியல் ஆய்விதழில் அவர் கட்டுரை வெளியாயிற்று. 1981இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

இதன் வேதியியல் ஹில்பெர்ட்ஸுக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. 1824இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படையின் வேண்டுகோளுக்கு இணங்க, கப்பல்களின் அடிப்பாகத்தில் வேயப்பட்ட செப்புத் தகடுகளை அரிப்பிலிருந்து காக்க வழி கண்டார். செம்போடு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை இணைத்தால் செம்பு அரிபடாமல் தப்பியது. ஆனால் அவ்வாறு காக்கப்பட்ட செம்பின் மேல் சுண்ணமும் மக்னீசியமும் படிந்தன. அப்படிவின் மேல் பாசியும் சிப்பியினங்களும் செழித்து வளர்ந்தன. கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. டேவிக்கு அது பொதுமன்றத்தில் நேர்ந்த தலைகுனிவு. கப்பலுக்குத் தீங்காகத் தெரிந்த அதே நிகழ்வு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஹில்பெர்ட்ஸின் கண்ணுக்கு அடித்தளமாகத் தெரிந்தது. பிறர் குறையெனத் தள்ளியதைப் பயனெனக் கண்டதே அவருடைய முதன்மையான சாதனை.

குடிகளில்லாத நகரம்

இந்தப் பொருளைக் கொண்டு ஹில்பெர்ட்ஸ் எதைச் செய்ய விரும்பினார்? தொடக்கத்தில் சுவர்ப் பலகைகள், தூண்கள், கூரைப் பகுதிகள் ஆகியவற்றைக் கடலில் வளர்த்துக் கரைக்குக் கொண்டுவருவது பற்றிச் சிந்தித்தார். விரைவிலேயே அவருடைய கற்பனை முழு நகரத்தை நோக்கித் தாவியது. மதீரா தீவுகளுக்குக் கிழக்கே அட்லாண்டிக்கில் நீர்மட்டத்திற்குக் கீழே மறைந்துள்ள ஆம்பியர் கடல்மலையின் உச்சியில் கம்பி வலைகளை நிறுவி, காற்றும் சூரியனும் தரும் மின்சாரத்தால் ஒரு தீவு நகரத்தை வளர்ப்பதென்பது ‘ஆட்டோபியா ஆம்பியர்’ என்ற திட்டம். பின்னாளில், மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் இடையே இந்தியப் பெருங்கடலில் பரந்து கிடக்கும் சாயா டி மால்ஹா என்னும் ஆழமற்ற திட்டில் அதே கனவைத் தொடர்ந்தார். 1997இலும் 2002இலும் அங்கு பயணங்கள் மேற்கொள்ளப்பட்டன. கடலடியில் எஃகுக் கட்டமைப்பும் நிறுவப்பட்டது. நகரம் வளரவில்லை.

இத்தோல்விக்குப் பணப் பற்றாக்குறையையும் தொலைவையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அவை மேலோட்டமான காரணங்கள். ஆட்டோபியாவின் வரைபடங்களில் கம்பி உண்டு, மின்சாரம் உண்டு, சுருள் வடிவில் விரியும் சுவர்கள் உண்டு. அங்கு வாழப்போகிறவர் யார், எதற்காக அவர் கடல் நடுவே குடியேறுவார், புயலில் அறுந்த கம்பியை யார் இணைப்பார் என்பவற்றுக்கு இடமில்லை. எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத நீர்ப்பரப்பைத் தேடியதிலேயே அந்தக் கனவின் இயல்பு வெளிப்படுகிறது. ஏற்கெனவே மனிதர் வாழும் இடங்களின் சிக்கல்களிலிருந்து விலகி, வெற்றிடத்தில் தொடங்க விழைந்த ஒரு மனப்பாங்கு அது. இருபதாம் நூற்றாண்டின் கட்டடக் கலையில் இம்மனப்பாங்கு அரிதன்று.

இவ்விடத்தில் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹியை (1900–1989) நினைத்துப் பார்ப்பது தகும். ஹில்பெர்ட்ஸ் கடல்நீரில் தேடியதை ஃபத்ஹி காலடி மண்ணில் தேடினார். விலை உயர்ந்த சிமெண்டும் எஃகும் இல்லாமல், பச்சை மண்கல்லால், மரச்சாரம் இன்றியே வளைவுக்கூரை எழுப்பும் நூபியக் கொத்தர்களின் கைத்திறனை மீட்டெடுத்து, 1946 முதல் லுக்சருக்கு அருகே புதிய குர்னா என்ற ஊரை அமைத்தார். பொருளும் மரபும் அழகும் ஒன்றுகூடிய அந்த ஊர் இன்றும் கட்டடக் கலை மாணவர்களின் பாடமாக உள்ளது. 1980இல் ஆகா கான் கட்டடக் கலை விருதுக் குழு அவருக்குத் தலைவரின் சிறப்பு விருதை வழங்கியது. ஆனால், யாருக்காக அந்த ஊர் கட்டப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோர் அங்குக் குடியேற மறுத்துவிட்டனர். பழங்கல்லறைகளின் மேல் அமைந்திருந்த அவர்களுடைய பழைய ஊரிலிருந்து தொல்பொருள் துறை அவர்களை அகற்ற விரும்பியது. அவர்கள் அகல விரும்பவில்லை. ஃபத்ஹி தம் தோல்வியை மறைக்காமல் நூலாகவே எழுதினார். பொருள் எவ்வளவு பொருத்தமானதாயினும், குடிகளின் ஒப்புதல் இன்றி ஊர் உருவாகாது என்பதற்குப் புதிய குர்னாவே சான்று. ஹில்பெர்ட்ஸின் ஆட்டோபியாவில் மறுப்பதற்குக்கூடக் குடிகள் இல்லை என்பதுதான் வேறுபாடு.

வீடு பவளத்துக்கானது

1980களின் இறுதியில் ஹில்பெர்ட்ஸின் பணி திசை மாறியது. ஜமைக்காவைச் சேர்ந்த உயிர்ப்புவிவேதியியலாளர் தாமஸ் கோரோவுடன் அவர் இணைந்தார். கோரோவின் தந்தையார் ஜமைக்காவின் பவளப்பாறைகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர்; மகனோ அப்பாறைகள் அழிவதைக் கண்டு துயருற்றவர். கம்பியின் மேல் படியும் அராகொனைட்டும் பவள உயிரியின் எலும்புக்கூடும் ஒரே கனிமம் என்பதால், ஹில்பெர்ட்ஸின் கல் பவளத்துக்கு இயற்கையான தளமாக அமையும் என்று இருவரும் கருதினர். உடைந்து கிடக்கும் உயிருள்ள பவளத் துண்டுகளை எடுத்துக் கம்பி வலையில் கட்டினர். 1996இல் அவர்கள் இருவருக்கும் கிடைத்த காப்புரிமை நீர்வாழ் உயிரினங்களின் வளர்ச்சியைத் தூண்டும் முறை பற்றியது. பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய காப்புரிமையோடு இதனை ஒப்பிட்டால், மாற்றம் புலப்படும். முன்னது மனிதனுக்கான கட்டுமானப் பகுதிகளைப் பற்றிப் பேசியது. பின்னதில் குடியிருப்பவர் மாறிவிட்டார். கட்டடக் கலைஞர் ஒருவர் தம் கலையின் பயனாளியை மனிதனிலிருந்து வேறோர் உயிருக்கு மாற்றிக்கொண்டது, கலை வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஒரு நிகழ்வு.

இந்த மாற்றத்தின் முழுப் பொருளும் மாலத்தீவில் விளங்கும். கருங்கல்லோ செங்கல்லுக்கான களிமண்ணோ இல்லாத அத்தீவுகளில் பவளமே கல். ஆழமற்ற நீரிலிருந்து உயிருள்ள பெரும்பவளப் பாளங்களைப் பெயர்த்தெடுத்து, ஈரமும் மென்மையும் இருக்கும்போதே அறுத்து, காயவைத்து, சாந்து இன்றி ஒன்றுக்குள் ஒன்று பொருந்துமாறு இழைத்துப் பள்ளிவாசல்களை எழுப்பினர். 1658இல் சுல்தான் முதலாம் இப்ராஹீம் இஸ்கந்தர் மாலேயில் கட்டிய ஹுகுரு மிஸ்கி என்னும் ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவர்களில், பவளக் கல்லில் செதுக்கிய அரபு எழுத்துகளையும் கொடிப் பின்னல்களையும் இன்றும் காணலாம். கடல்சார் இஸ்லாமியக் கட்டடக் கலையின் மிக நுண்ணிய படைப்புகளுள் அது ஒன்று. சிறிய மக்கள்தொகை, சில பள்ளிவாசல்கள் என்ற அளவில் கடல் அந்த இழப்பைத் தாங்கியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மாலே நகரம் பெருகி, சுற்றுலா விடுதிகளும் வந்தபின், வீட்டுக்கும் மதிலுக்கும் விடுதிக்கும் பவளம் வெட்டப்பட்டது. வெட்டப்பட்ட பாறைகள் மீளவில்லை என்பதை 1980களில் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. அலைகளைத் தடுத்த அரண் போயிற்று. 1987இல் பேரலைகள் மாலேக்குள் புகுந்தபின், ஜப்பானின் நிதியுதவியோடு காறைக் கட்டிகளால் கடற்சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று.

நம் மன்னார் வளைகுடாவிலும் இதே கதை நடந்துள்ளது. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் வீட்டுச் சுவர்களுக்குமாகப் பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டப்பட்டது. அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் மூழ்கிவிட்டன. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பின்னரே வெட்டு படிப்படியாக ஒடுங்கியது. பவளத்தை வெட்டி வீடு கட்டிய கடற்கரைகளுக்கு, கம்பியில் கல் வளர்த்துப் பவளத்துக்கு வீடு கட்டித்தரும் ஒரு கலைஞர் வந்தது, கடன் திருப்பிச் செலுத்தப்படுவதைப் போன்றது. 1990களின் பிற்பகுதியில் மாலத்தீவின் இஹுரு, வப்பின்ஃபாரு தீவுகளில் ஹில்பெர்ட்ஸும் கோரோவும் தம் கட்டமைப்புகளை நிறுவினர். 1998இல் கடல் வெப்பம் உயர்ந்து, மாலத்தீவின் ஆழமற்ற பவளங்களில் மிகப் பெரும்பகுதி வெளுத்து மடிந்தது. மின்சாரம் பாய்ந்த கட்டமைப்புகளில் இருந்த பவளங்களில் பாதிக்கு மேல் பிழைத்தன என்று கோரோ அறிக்கை செய்தார்.

சான்றும் ஆர்வமும்

மதிப்பீட்டில் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது இங்குதான். மின்சாரம் பவளத்தைப் பன்மடங்கு வேகமாக வளர்க்கிறது, வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைத் தருகிறது என்ற கூற்றுகளில் பெரும்பாலானவை, இம்முறையைக் கண்டுபிடித்தவர்களிடமிருந்தும் அதனைப் பரப்பியவர்களிடமிருந்தும் வந்தவை. இதில் நேர்மையின்மை இருந்ததாகக் கருத வேண்டியதில்லை. எனினும், தான் வளர்த்த மரத்தின் நிழலை அளப்பவர் அதனைச் சற்று நீளமாகவே காண்பார். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பிறர் நடத்திய ஆய்வுகள் கலவையான முடிவுகளையே தந்துள்ளன. சில பவள இனங்கள் சில நிலைமைகளில் பயன்பெற்றன. சிலவற்றில் வேறுபாடு தெரியவில்லை. சிலவற்றுக்கு மின்புலமே இடையூறாக இருந்தது. மின்னோட்டத்தின் அளவு, இனம், நீரோட்டம், வலையின் வடிவம் என எல்லாவற்றையும் பொறுத்தே விளைவு அமைகிறது. உறுதியான தளத்தில் பவளத் துண்டைக் கட்டிவைப்பதனாலேயே கிடைக்கும் பயனையும், மின்சாரத்தால் கூடுதலாகக் கிடைக்கும் பயனையும் பிரித்தறிவது எளிதன்று. ஆர்வலர்களின் கட்டுரைகளில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

மற்றொரு கூற்றையும் சரிசெய்ய வேண்டும். சிமெண்டு உற்பத்தி உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதத்துக்குக் காரணமாகிறது. கடலில் வளரும் கல் சிமெண்டுக்கு மாற்று என்ற அளவில் இம்முறையைப் பாராட்டலாம். ஆனால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கல்லாக உறையவைத்துச் சேமிக்கிறது என்று சிலர் எழுதுவது பிழை. கடல்நீரிலுள்ள பைகார்பனேட், கால்சியம் கார்பனேட்டாகப் படியும்போது ஒரு பங்கு கரியமில வாயு நீரிலேயே விடுபடுகிறது. எதிர்முனையில் உண்டாகும் காரத்துக்கு ஈடான அமிலம் நேர்முனையில் உண்டாகிறது. அங்கு குளோரினும் வெளிப்படக்கூடும். இயற்கையின் கணக்கேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு இலாபம் கூறுவது ஆய்வாகாது.

ஹில்பெர்ட்ஸின் கல் வேகமாகப் பெருகவில்லை என்பதும் கருதத்தக்கது. ஒரு வீட்டுக்குத் தேவையான சுவரை வளர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை மின்சாரம் இடையறாது கிடைக்க வேண்டும். காறை ஒரு மாதத்தில் இறுகிவிடுகிறது. சந்தையின் கண்ணில் காறையே வென்றது. கட்டுமானப் பொருள் என்ற வகையில் ஹில்பெர்ட்ஸின் கண்டுபிடிப்பு தோற்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். 1998இல் சூழல் மீட்புச் சங்கம் அவருக்கும் கோரோவுக்கும் முன்னோடிகளுக்கான ஸ்பெர்ரி விருதை வழங்கியது பவளப்பாறைப் பணிக்காகவே. கட்டடக் கலை உலகம் அவரை ஏறத்தாழ மறந்திருந்தது.

பெமுத்தெரான் தந்த விடை

பாலித் தீவின் வடமேற்குக் கரையில் உள்ள பெமுத்தெரான் வறண்ட மண்ணும் சிறு மீன்பிடியும் கொண்ட ஊர். 1990களின் இறுதியில் இந்தோனேசியாவைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியின்போது, வெடிவைத்தும் சயனைடு நஞ்சிட்டும் மீன் பிடிப்பது அங்குப் பெருகியது. வளைகுடாவின் பவளப்பாறைகள் நொறுங்கிக் கூளமாயின. 2000ஆம் ஆண்டில் ஹில்பெர்ட்ஸும் கோரோவும் அங்குச் சென்று, உள்ளூர் மக்களோடு சேர்ந்து முதல் கட்டமைப்புகளை இறக்கினர். கரையிலிருந்து கம்பிகள் வழியே மின்சாரம் சென்றது. காலப்போக்கில் கூடாரம், மலர், வளைவு எனப் பல வடிவங்களில் பல பத்துக் கட்டமைப்புகள் அவ்வளைகுடாவில் நிறுவப்பட்டன. பவளங்கள் பற்றின; மீன்கள் திரும்பின; அவற்றைக் காணப் பயணிகளும் வந்தனர்.

இந்த வெற்றியை மின்சாரத்தின் வெற்றியாக மட்டும் எழுதுவது உண்மைக்குப் புறம்பானது. பாலியின் ஊர்களில் விழாக்களையும் ஒழுங்கையும் காக்கும் ‘பெச்சாலாங்’ என்னும் மரபுக் காவலர்கள் உண்டு. பெமுத்தெரான் மக்கள் அதே மரபைக் கடலுக்கும் நீட்டி, ‘பெச்சாலாங் லாவுத்’ எனும் கடற்காவலரை ஏற்படுத்தினர். வெடிவைக்க வந்த படகுகளை அவர்கள் தடுத்தனர். நேற்றுவரை வெடிவைத்தவர்களின் பிள்ளைகள் பயணிகளுக்கு வழிகாட்டினர். கம்பி அறுந்தால் இணைக்க ஆளிருந்தது. மின்கட்டணம் செலுத்த ஏற்பாடு இருந்தது. 2012இல் அந்த ஊரின் பவளப் பாதுகாப்பு அறக்கட்டளை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசைப் பெற்றது. ஆட்டோபியாவில் இல்லாத குடிகள் பெமுத்தெரானில் இருந்தனர் என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

பேணுதலையே உயிராகக் கொண்ட கட்டடங்கள் நம் பண்பாட்டு வரலாற்றுக்குப் புதியவை அல்ல. மாலி நாட்டின் ஜென்னே நகரில் 1907இல் இன்றைய வடிவில் எழுப்பப்பட்ட பெரிய பள்ளிவாசல் முழுதும் மண்ணால் ஆனது. ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் ஊரே திரண்டு, ஆற்று மண்ணைக் குழைத்து அதன் சுவர்களைப் பூசுகிறது. சுவரிலிருந்து வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கழிகள் அழகுக்கானவை மட்டுமல்ல. பூசுவோர் ஏறி நிற்கும் சாரமும் அவையே. ஒவ்வோர் ஆண்டும் பழுதுபார்க்க வேண்டியிருக்கும் என்பதைக் கட்டியவரே ஏற்று, அதற்கான படியையும் சுவரிலேயே வைத்துவிட்டார். சில மழைக்காலங்கள் பூச்சு தவறினால் பள்ளிவாசல் கரைந்துவிடும். இதேபோல், கெய்ரோவிலும் இஸ்தான்புலிலும் நூற்றாண்டுகள் நின்ற மருத்துவமனைகளும் நீர்த்தொட்டிகளும் கல்லின் வலிமையால் மட்டும் நிற்கவில்லை. கட்டும்போதே அவற்றின் பராமரிப்புக்கெனக் கடைகளையும் நிலங்களையும் வக்ஃபாக எழுதிவைத்தனர். விளக்குக்கு எண்ணெய் வாங்குபவருக்கும் குழாயைச் சரிசெய்பவருக்கும் ஊதியம் எங்கிருந்து வரும் என்பது வக்ஃப் ஆவணங்களில் எழுதப்பட்டிருந்தது. அந்த ஆவணமும் கட்டடத்தின் ஒரு பகுதியே.

ஹில்பெர்ட்ஸின் படைப்பை இந்த மரபின் அருகில் வைத்துப் பார்த்தால் அதன் பெருமையும் குறையும் ஒருசேரத் தெரிகின்றன. தொடர்ந்து பேணப்பட்டாலன்றி வாழாத கட்டடத்தை அவர் கண்டுபிடித்தார். மின்சாரம் நின்றால் வளர்ச்சி நின்றுவிடும். காலப்போக்கில் உள்ளிருக்கும் எஃகும் துருப்பிடிக்கும். வளர்வது என்றால் ஊட்டப்பட வேண்டும் என்பதும் அதனுள் அடங்கும். ஆனால் ஊட்டுவதற்கான ஏற்பாட்டை அவர் காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் விட்டுவிட்டார். ஜென்னேயின் பனங்கழிக்கு இணையான ஒன்றை, அதாவது மனிதக் கை வந்து பற்றிக்கொள்வதற்கான இடத்தை, அவர் தம் வரைபடங்களில் அமைக்கவில்லை. அது பெமுத்தெரானின் மீனவர்களிடமிருந்து வந்தது.

இன்று நிற்கும் இடம்

ஹில்பெர்ட்ஸ் 2007 ஆகஸ்டில் மியூனிக்கில் காலமானார். அவருக்குப் பின்னும் இம்முறை பல நாடுகளில் தொடர்கிறது. 2020 ஜனவரியில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம், குஜராத் வனத்துறையுடன் இணைந்து, கட்ச் வளைகுடாவில் மித்தாபூருக்கு அப்பால் இத்தகைய கட்டமைப்பை நிறுவியது. ஆனால் கடல் காத்திருக்கவில்லை. 1998க்குப் பின் 2010இலும், 2014 முதல் 2017 வரையிலும் உலகளாவிய பவள வெளுப்பு நிகழ்ந்தது. 2023இல் தொடங்கிய நான்காவது வெளுப்பு 2024 ஏப்ரலில் முறைப்படி அறிவிக்கப்பட்டது. நாடுகள் புகையைக் குறைக்காமல் இருந்துகொண்டு, கம்பி வலையில் சில ஆயிரம் பவளங்களைக் காப்பாற்றியதாகப் பெருமை கொள்வது, வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும் வீட்டில் பரணை மட்டும் அலங்கரிப்பது போன்றது. விடுதிகளும் துறைமுகங்களும் தாம் அழித்த பாறைக்கு ஈடாக இரண்டு கூண்டுகளை இறக்கிவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இப்பழி ஹில்பெர்ட்ஸைச் சாராது. ஆனால் அவருடைய முறையைப் பாராட்டுவோர் இந்த ஆபத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அவ்வாறாயின் ஹில்பெர்ட்ஸிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? கடற்கரைகளைக் கருங்கல்லும் காறையும் கொட்டிக் காக்க முயலும் நாடுகளுக்கு, அரண் என்பது உயிருள்ளதாக இருக்க முடியும் என்று அவர் காட்டினார். பவளத்தை வெட்டிக் கட்டடம் எழுப்பிய நாகரிகங்களுக்கு, திசையை மாற்றிக் கட்டவும் இயலும் என்று காட்டினார். இவை சிறிய கொடைகள் அல்ல. அவர் சொல்லாமல் விட்டதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மித்தாபூரிலோ மன்னார் வளைகுடாவிலோ மாலத்தீவிலோ இனி இத்தகைய பணி தொடங்கப்படும்போது, எத்தனை கட்டமைப்புகள் இறக்கப்பட்டன என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அறுந்த கம்பியை இணைப்பவர் யார், அவருக்கு ஊதியம் தருவது யார், வெடியையும் இழுவலையையும் அங்கு வரவிடாமல் தடுக்கும் அதிகாரம் கரையோர மக்களிடம் உள்ளதா என்றும் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடையுள்ள இடத்தில் ஹில்பெர்ட்ஸின் கல் வளரும். விடையில்லாத இடத்தில் சில ஆண்டுகளில் துருப்பிடித்த கம்பியே மிஞ்சும்.